காட் மீன் போர்கள்

காட் மீன் போர்கள் என்பன 1958க்கும் 1976க்கும் இடையில் வட அத்திலாந்திக் கடலின் மீன்பிடி உரிமை தொடர்பாக ஐஸ்லாந்துக்கும் ஐக்கிய இராச்சியத்துக்கும் இடையே மூன்று கட்டங்களாக நிகழ்ந்த பிணக்குகள் ஆகும். இரு நாடுகளும் 1949 இல் நேட்டோ அமைப்பைத் தோற்றுவித்த உறுப்பு நாடுகள். போர் என அழைக்கப்பட்டாலும் இவற்றில் போர் அறிவிக்கப்படவில்லை.

== பின்னணி ==
ஐஸ்லாந்தின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி மீனிலிருந்தே கிடைத்தது. 1952 இல் அந்நாடு தன் மீன்பிடி எல்லையை 4 கடல் மைல்களாக விரித்தபோது, பிரித்தானியத் துறைமுகங்களில் ஐஸ்லாந்து மீன்களை இறக்கத் தடை விதிக்கப்பட்டது. அம்மீன்களைச் சோவியத் ஒன்றியம் வாங்கத் தொடங்கியது.

== மூன்று கட்டங்கள் ==
* '''முதலாவது (1958–1961):''' எல்லை 12 கடல் மைல்களாக விரிக்கப்பட்டது. 1961 உடன்பாட்டில் பிரித்தானியா இதனை ஏற்றுக்கொண்டது.
* '''இரண்டாவது (1972–1973):''' எல்லை 50 கடல் மைல்களானது. இழுவைப் படகுகளின் வலையை இழுக்கும் கம்பிவடங்களை அறுக்கும் கருவியை ஐஸ்லாந்துக் கடலோரக் காவல் படை பயன்படுத்தியது. தன் படகுகளைக் காக்க 1973 மே மாதத்தில் பிரித்தானியா போர்க்கப்பல்களை அனுப்பியது. மோதலில் சேதமுற்ற காவற்கப்பலைப் பழுதுபார்க்கையில் மின்சாரம் தாக்கி ஐஸ்லாந்துப் பொறியாளர் ஒருவர் இறந்தார்.
* '''மூன்றாவது (1975–1976):''' எல்லை 200 கடல் மைல்களானது. கப்பல்கள் பலமுறை மோதிக்கொண்டன. 1976 பெப்ரவரியில் ஐஸ்லாந்து பிரித்தானியாவுடனான தூதரக உறவைத் துண்டித்தது.

== நேட்டோவின் பங்கு ==
ஐஸ்லாந்துக்கு நிலையான இராணுவம் இல்லை. ஆயினும் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரித்தானியா ஆகியவற்றுக்கு இடையிலான கடல்வழியாகவே சோவியத்தின் வட கடற்படை நீர்மூழ்கிகள் அத்திலாந்திக்கை அடைய வேண்டியிருந்தது. அவற்றைக் கண்காணிக்க கெப்லாவிக்கில் இருந்த அமெரிக்கத் தளம் இன்றியமையாததாக இருந்தது. இத்தளத்தை மூடுவது, கூட்டணியிலிருந்து விலகுவது ஆகிய எச்சரிக்கைகளே ஐஸ்லாந்தின் முதன்மைப் பலமாயின. கூட்டணி குலையாதிருக்க நேட்டோ பொதுச் செயலாளர் யோசப் லூன்ஸ் இரு தரப்பினரிடையே சமரசம் பேசினார்.

அனைத்துலக நீதிமன்றம் 1974 இல் 50 மைல் எல்லையைப் பிரித்தானியா மீது ஐஸ்லாந்து ஒருதலையாகச் செலுத்த முடியாது எனத் தீர்ப்பளித்தது. ஐஸ்லாந்து அத்தீர்ப்புக்குப் பணியவில்லை. சட்டத்தைவிடக் கூட்டணியின் தேவையே முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

== முடிவும் விளைவுகளும் ==
1976 சூனில் ஒசுலோவில் உடன்பாடு ஏற்பட்டது. இதன்படி ஆறு மாதங்களுக்கு மட்டும், நாளொன்றுக்குச் சராசரியாக 24 பிரித்தானிய இழுவைப் படகுகள் 200 மைல் எல்லைக்குள் மீன்பிடிக்கலாம். பின்னர் ஹல், கிரிம்ஸ்பி, பிலீட்வுட் ஆகிய துறைமுக நகரங்களில் பலர் வேலையிழந்தனர்.

பிரித்தானியாவும் 1977 இல் தனக்கென 200 மைல் மீன்பிடி எல்லையை வகுத்துக்கொண்டது. 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை 200 மைல் தனிப் பொருளாதார வலயத்தை உலக அளவில் ஏற்றது. இப்பிணக்குகளுக்குப் பின்னரும் இரு நாடுகளும் நேட்டோவில் நீடிப்பது குறிப்பிடத்தக்கது.