கந்தைச் சேலையில் பூக்கும் தாமரை
வங்காளப் பெண்களின் போர்வைக் கலை

வீட்டில் ஒரு சேலை நைந்து போனால் என்ன செய்வார்கள்? ஊரில் என்றால் பிள்ளைக்குத் தூளி கட்டுவார்கள். மும்பையிலும் டில்லியிலும் என்றால், தெருவில் கூவி வரும் பாத்திரக்காரியிடம் போட்டு ஓர் எவர்சில்வர் டப்பா வாங்குவார்கள்.

வங்காளத்துக் கிராமப் பெண்கள் வேறொன்று செய்தார்கள். நைந்த சேலைகளை அடுக்கித் தைத்துப் போர்வை ஆக்கினார்கள். அந்தப் போர்வையில் தாமரையும் மீனும் கிளியும் மரமும் பூத்தன. அதன் பெயர் காந்தா.

பெயரைக் கேட்டதும் தமிழருக்கு ஏதோ நினைவு வரும். வரவேண்டியதுதான். காந்தாவும் நம் கந்தையும் உறவுச் சொற்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் நம் பெரியவர்கள். கந்தையானாலும் பூப்போட்டுத் தை என்றார்கள் போலிருக்கிறது வங்காளப் பாட்டிகள்!

எப்படித் தைக்கிறார்கள்?

துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய சேலைகளையும் வேட்டிகளையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். மெல்லிய விரிப்புக்கு மூன்று நான்கு அடுக்கு போதும். குளிர்காலப் போர்வைக்குக் கூடுதலாக வேண்டும். சுருக்கம் இல்லாமல் நீவி விட்டு, ஓரங்களை மடித்துத் தைத்து, நடுவிலும் பெரிய தையலாகப் போட்டு அடுக்குகளை நகராமல் பிடித்துக் கொள்வார்கள்.

நூலுக்கும் கடைக்குப் போவதில்லை. பழைய சேலையின் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு நூல்களை உருவி எடுத்தார்கள். இப்போது கடை நூல் வந்துவிட்டது.

தையல் ஒன்றே ஒன்றுதான். ஊசி மேலே வந்து கீழே போகும் ஓட்டுத்தையல். தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லித் தருவது. அதை வைத்துக் கொண்டுதான் இத்தனை வித்தையும்.

நடுவில் பல இதழ்த் தாமரை. நான்கு மூலைகளிலும் மரம் அல்லது மாங்காய் உருவம். இடையில் மீன், யானை, மயில், கொடி, படகு. கண்ணால் கண்ட குளத்தையும் தோட்டத்தையும் கை நினைவிலிருந்து வரையும்.

உருவங்கள் முடிந்த பிறகுதான் பெரிய வேலை. மீதி வெள்ளை இடம் முழுவதையும் வெள்ளை நூலால் தைத்து நிரப்ப வேண்டும். தாமரையின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று, அதை ஒட்டி இன்னொரு சுற்று என்று தையல் விரிந்து கொண்டே போகும். துணி லேசாகச் சுருங்கி, குளத்தில் கல் விழுந்தால் அலை எழுவதுபோல் மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு தையலும் அதை அடுத்த இடைவெளியும் சேர்ந்து 5 மில்லிமீட்டர், வரிசைக்கு வரிசை 5 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 40 ஆயிரம் தையல். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள போர்வைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் தையல்.

நிமிடத்துக்கு 20 தையல் போட்டாலும் 100 மணி நேரம் ஆகும். சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 50 நாள். பூவேலை தனி. நுணுக்கமான வேலை என்றால் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக் கணக்கில்கூட இழுக்கும்.

பெயர் தைத்த மகள்

அந்தக் காலத்தில் இதற்கு விலை கிடையாது. மகளுக்கு, மருமகனுக்கு, பேரப்பிள்ளைக்கு என்று தைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காக ஒரு காந்தா தைத்தாள். அந்தச் செய்தியையும் தன் பெயரையும் எழுத்தாகவே அதில் தைத்து வைத்தாள். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத் தொகுப்பில் அது சேர்ந்திருக்கிறது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் கிராமம் கிராமமாகத் திரட்டிய பொருள்கள் அவை.

வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைக் காவியத்துக்கு இந்தப் போர்வைதான் உயிர். கணவன் ஊரை விட்டுப் போய்விடுகிறான். காத்திருக்கும் மனைவி தங்கள் வாழ்க்கைக் கதையைப் போர்வையில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதைத் தன் சமாதிமேல் விரிக்கச் சொல்கிறாள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களின் வீடுகளில் இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கூலிக்கு வந்த ஊசி

பிறகு காந்தா வீட்டுக்கு வெளியே வந்தது. சாந்திநிகேதனில் ரவீந்திரநாத் தாகூரின் மருமகள் பிரதிமா தேவி இந்தக் கலைக்கு ஆதரவு தந்தார். பழந்துணியில் ஓடிய ஊசி புதுப் பட்டுச் சேலையிலும் ஓடத் தொடங்கியது.

சியால்டாவிலிருந்து தெற்கே செல்லும் மின்சார ரயில் பாதையில் உள்ளது சோனார்பூர். அங்கே வாழும் பிரீதிகணா கோஸ்வாமி, தந்தை இறந்தபின் குடும்பத்தைக் காப்பாற்ற ஊசியைக் கையில் எடுத்தவர். பல பெண்களுக்கும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். அவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024-இல் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த தக்தீரா பேகம் அதே விருதைப் பெற்றார்.

பீகாரில் காந்தாவின் தங்கை ஒன்று உண்டு. அதன் பெயர் சுஜனி. பிறந்த குழந்தையைச் சுற்ற, பழைய துணியில் தைப்பது. முசாபர்பூர் மாவட்டம் பூசுரா கிராமத்துப் பெண்கள் 1980-களின் இறுதியிலிருந்து இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். வரதட்சணைக் கொடுமையையும் பெண் சிசுக் கொலையையும்கூடத் தையலில் சொன்னார்கள். அவர்களை வழிநடத்திய நிர்மலா தேவிக்கு 2025-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சுஜனிக்கு 2006-இலும், வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

விருது வந்தது, குறியீடு வந்தது. ஆனால் விருது பெறாத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அவர்கள் பெயர் துணியில் இல்லை. இடைத்தரகர் கைமாறிக் கடைக்கு வரும்போது, தைத்தவள் யார் என்பது கடைக்காரருக்கே தெரியாது.

எந்திரம் எதிரியா?

எந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவிலும் போர்வைத் தையல் பெரிய கலை. அங்கே தையல் எந்திரத்தில் துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, மூன்றடுக்குத் துணியைக் கைகளால் பிடித்து, ஊசிக்குக் கீழே இஷ்டப்படி நகர்த்துவார்கள். தாள் நகர, பேனா நிற்கிற மாதிரி. இலை, நரம்பு, இறகு எல்லாம் அப்படியே வரையலாம்.

1989-இல் கெண்டக்கி மாநிலம் பதூகா நகரப் போட்டியில் சூரிய கிரகணத்தைக் காட்டும் இப்படிப்பட்ட போர்வைக்காக கரில் பிரையர் ஃபாலர்ட் முதற்பரிசு பெற்றார். கையால் தைக்காததற்குப் பரிசா என்று எதிர்ப்பும் கிளம்பியது. ஆனால் அவர் எந்திரத்தில் தைத்ததை மறைக்கவில்லை. அதுவும் கலைதான். எந்திரத்தில் தைத்ததைக் கைத்தையல் என்று விற்பதுதான் மோசடி.

புரட்டிப் பாருங்கள்

கைவினைக் கண்காட்சியில் காந்தா வாங்குகிறவர்கள் முதலில் துணியின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கைத்தையல் என்றால் மேலே தையல் இருக்கும் இடத்தில் கீழே இடைவெளி. கீழே தையல் இருக்கும் இடத்தில் மேலே இடைவெளி. தையல்கள் அச்சடித்தாற்போல் ஒரே அளவில் இருக்காது. சாதாரண எந்திரத் தையல் என்றால் இடைவெளி இல்லாமல் கோடாக ஓடும். பின்பக்கம் தையலே இல்லை என்றால் அது வெறும் அச்சுத் துணி.

பிறகு விலையைக் கேளுங்கள். மேலே போட்ட கணக்கின்படி 100 மணி நேரம் தைத்த போர்வையை ஆயிரம் ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னால், மொத்தமும் தைத்தவளுக்கே போனாலும் மணிக்குப் பத்து ரூபாய். கடைக்காரர் லாபமும் தரகர் கமிஷனும் போக அவள் கைக்கு என்ன மிஞ்சும்? ஒன்று, அது கைத்தையல் இல்லை. அல்லது, ஒரு பெண்ணின் கண்ணும் கையும் மிகவும் மலிவாகப் போயிருக்கின்றன.

கையால் தைத்ததுதான் என்று உறுதியானால் பேரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளலாம். யார் தைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குச் சொல்வதற்காகவாவது கடைக்காரர் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்துக் கொள்வார்.