வருகைப் பதிவேடும் வகுப்பறை உறவும்

காலையில் பெயர் சொல்லி வருகைப் பதிவு எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். செயலியிலும் பதிவேற்ற வேண்டியிருப்பதால் நம்மில் பலர் எண்ணையே நாடுகிறோம். எனக்கு அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்திலேயே உறங்கிப் பழகிய பிள்ளைகள் அதிகம். அம்மாவும் அப்பாவும் மாறி மாறித் தறிக்குப் போகும் வீடுகளில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் இவர்கள்தான். பெயரைச் சொல்லி முகத்தைப் பார்த்தால், "உள்ளேன் டீச்சர்" என்னும் குரலிலேயே தூக்கமும் பசியும் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குரல் மூன்று நாளாகத் தணிந்திருந்தது. இடைவேளையில் தனியே கேட்டேன். அம்மாவுக்குக் கையில் அடி. வீட்டில் சமையல் இவள் பொறுப்பு. வீட்டுப்பாடத்தை மதிய உணவுக்குப் பின் பள்ளியிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான். தாமதமாக வந்ததற்கு வாசலில் நிற்க வைத்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

பதிவேட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும், அவனைக் காக்க வந்த தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைக் குறிப்பிட்டு மாணவரை அழைக்கக் கூடாது, வண்ணக் கயிறுகள் கூடாது, அகர வரிசைப்படி அமர வைக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. நம் தென்மாவட்ட ஆசிரியர்களுக்கு இவை வெறும் சுற்றறிக்கைச் செய்தி அல்ல.

கயிற்றைக் கழற்றச் சொல்வது எளிது. ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொள்வதை மாற்றுவதுதான் கடினம். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாளே வகுப்பு முழுவதற்கும் இடம் மாற்றிவிட வேண்டும். சண்டை வந்தபின் இருவரை மட்டும் மாற்றினால், பக்கத்தில் இருப்பவனே தண்டனை என்று ஆகிவிடும். உதவித்தொகைப் படிவம் நிரப்பும் வாரத்திலும் கவனம் தேவை. "சான்றிதழ் கொண்டுவராத இன்னார் பிள்ளைகள் எழுந்திருங்கள்" என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும், ஆண்டு முழுவதும் அழியாது. நான் ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்துக் கேட்கிறேன்.

அடிக்காமல் வகுப்பை எப்படி நடத்துவது என்று இளைய ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. கேலியும் அதில் அடங்கும் என்றே நான் கொள்கிறேன். சத்தம் எல்லாமே ஒழுங்கீனமும் அல்ல. ஆடித்தபசு முடிந்த மறுநாள் எங்கள் ஊரில் எந்தப் பாடமும் ஏறாது. பத்து நிமிடம் பேசவிட்டால் பதினோராவது நிமிடம் கணக்கு நடக்கும்.

'மாணவர் மனசு' பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு ஒரு சீட்டில், "என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும்போது சாரும் சிரிக்கிறார்" என்று இருந்தது. யார் எழுதியது என்று கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்றோம். மறு வாரம் பெட்டியில் நான்கு சீட்டுகள் இருந்தன.