ரூஃப் ஒன்று, வரி மூன்று

'சதுர அடிக்கு இவ்வளவு' என்று வீடு கட்ட ஒற்றை வரியில் எஸ்டிமேட் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது. சம்ப் அதில் சேர்த்தியா, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர்? கேட்டால்தான் தெரியும். டீயைக் குடியுங்கள், பிரித்துக் காட்டுகிறேன்.

முதல் பிரிவு வேலைவாரியாக இருக்கட்டும்: வானம் தோண்டுவது, கான்கிரீட், கட்டுவேலை, பூச்சு, தரை, பெயின்ட் என்று. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலும் வேலைவாரியாகத்தான் போகிறது. பலர் கடைவாரியாக எழுதுகிறார்கள்: சிமென்ட் இத்தனை மூட்டை, செங்கல் இத்தனை லோடு, கூலி இவ்வளவு. சாமான் வாங்கப் போகும்போது அது உதவும். பூச்சுக்கு மட்டும் என்ன ஆகும் என்றால் அந்தத் தாளில் பதில் இல்லை.

உட்பிரிவு எங்கே? அளக்கும் விதம் மாறுகிற இடத்தில். ரூஃப் போடுவதையே பாருங்கள். நம் கண்ணுக்கு அது ஒரே வேலை. எஸ்டிமேட்டிலோ மூன்று வரி: கான்கிரீட் கன மீட்டரில், சென்ட்ரிங் சதுர மீட்டரில், கம்பி கிலோவில். 5 இன்ச் தளத்தை 6 இன்ச் ஆக்கினால் கான்கிரீட் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அடியில் அடிக்கிற சென்ட்ரிங் பரப்பு கூடாது. கம்பி விலை ஏறினால் கம்பி வரியைத் திருத்தினால் போதும். மூன்றையும் ஒரே ரேட்டில் அடைத்துவிட்டால், எது ஏறினாலும் மொத்தமும் ஏறியதாகத்தான் உங்களிடம் சொல்வார்கள்.

தரைத்தளம், மாடி என்ற இடப் பிரிவு அதற்கும் கீழே வரட்டும். மாடி இப்போது வேண்டாம் என்றால் அந்த வரிகளை விட்டுவிட்டுக் கூட்டலாம். அஸ்திவாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது மாடிக்கும் சேர்த்துப் போடுவது.

அளவு விதியையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பூச்சில் கதவு, ஜன்னலைக் கழிப்பதில்தான் பெரும்பாலும் தகராறு வரும். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 விதிப்படி அரை சதுர மீட்டர் வரையான திறப்புக்குக் கழிவு கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிவு. சாதாரண அறைக் கதவு இந்த இரண்டாவது கணக்கில் வந்துவிடும்.

தாழ்ப்பாள், கீல் வரை பிரிப்பது வீண் வேலை; கதவோடு போகட்டும். 'இதர செலவு' வரியைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு மூன்று, ஐந்து என்றால் சரி. பதினைந்து என்றால் கிச்சன் மேடையோ ஜன்னல் கிரில்லோ தனி வரி இல்லாமல் அதற்குள் புகுந்திருக்கும். எது என்று கேட்டு, வெளியே எடுத்து எழுதச் சொல்லுங்கள்.