பழைய கமராவும் பாதரச மின்கலமும்

அளவுகோல் பிழையானால் அளக்கப்பட்டவை யாவும் பிழையாகும். துணி அளப்பவருக்கும் நெல் அளப்பவருக்கும் மட்டுமன்றி, ஒளியை அளந்து படம் பிடிப்பவருக்கும் இவ்வுண்மை பொருந்தும். 1960ஆம் 1970ஆம் ஆண்டுகளில் செய்யப்பெற்ற பல கமராக்கள் இன்றும் பழுதின்றி இயங்குகின்றன. வில்லைகள் தெளிவாக உள்ளன. மூடிகள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றன. ஆயினும் அவற்றின் ஒளிமானிகள் மட்டும் உண்மை உரைப்பதில்லை. அவற்றுக்கென வகுக்கப்பட்ட பாதரச மின்கலம் உலகச் சந்தையிலிருந்து மறைந்துவிட்டமையே இதற்குக் காரணமாகும்.

இம்மின்கலத்தை ஆக்கியவர் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் என்பவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வெப்ப நாடுகளுக்குச் சென்ற படைகளின் கருவிகளில் வழமையான உலர்மின்கலங்கள் விரைவிற் கெட்டன. அக்குறையைத் தீர்க்கவே பாதரச ஒட்சைட்டும் நாகமும் கொண்ட புதிய மின்கலம் தோன்றிற்று. அதன் அழுத்தம் 1.35 வோல்ற்று. புதிதாய் இட்ட நாளிலும், ஆற்றல் தீரும் தறுவாயிலும் அவ்வழுத்தம் ஏறக்குறைய மாறாது நின்றது. அச்சிறப்பே கமரா செய்வோரைக் கவர்ந்தது.

அக்காலக் கமராக்களின் ஒளிமானியில் கட்மியம் சல்பைட்டு என்னும் பொருள் இருந்தது. ஒளி மிகுந்தால் அதனூடே செல்லும் மின்னோட்டம் மிகும்; ஒளி குறைந்தால் மின்னோட்டமும் குறையும். அந்த ஓட்டத்திற்கேற்ப முள் அசையும். மின்கலத்தின் அழுத்தம் மாறாதிருக்கும் வரை, முள்ளின் அசைவுக்கு ஒளி ஒன்றே காரணமாகும். மினோல்டா எஸ்ஆர்டி 101, ஒலிம்பஸ் ஓஎம்-1, ரோலை 35 முதலிய கமராக்கள் இந்நம்பிக்கையின்மீதே அமைக்கப்பட்டன.

அவ்வாறாயின் இத்துணைச் சிறந்த மின்கலத்தை ஏன் கைவிட வேண்டும்? பாதரசம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. குப்பையில் எறியப்படும் மின்கலத்திலிருந்து அது மண்ணையும் நீரையும் அடைகிறது. நீரில் அது மீதைல் பாதரசமாக மாறி, மீனின் உடலிற் சேர்ந்து, மீனை உண்பவரையும் வந்தடைகிறது. யப்பானின் மினமாட்டா என்னும் ஊரில், தொழிற்சாலைக் கழிவில் கலந்து வந்த மீதைல் பாதரசத்தால் மக்கள் பட்ட துன்பம் 1956ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கைகால் நடுங்கினோரும், பேச்சும் பார்வையும் இழந்தோரும், தாய் வயிற்றிலேயே தாக்குண்ட குழந்தைகளும் அங்கிருந்தனர். ஐக்கிய அமெரிக்கா 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதரச ஒட்சைட்டுப் பொத்தான் மின்கல விற்பனையைத் தடுத்தது. மினமாட்டாவின் பெயரால் 2013ஆம் ஆண்டில் உலக உடன்படிக்கையொன்றும் ஏற்பட்டது. ஒரு படத்தின் தெளிவுக்காக ஒரு குழந்தையின் நலத்தை விலையாகக் கொடுத்தல் தகாது. ஆகவே மாற்று வழி தேடுவதே முறை.

கடையிற் கிடைக்கும் அதே வடிவுள்ள கார மின்கலத்தை இடுவதே பலரும் செய்வது. அதன் அழுத்தம் 1.5 வோல்ற்றில் தொடங்கிப் பயன்படப் பயன்படப் படிப்படியாக வீழ்கிறது. இன்று ஒரு பிழை, அடுத்த மாதம் வேறொரு பிழை என்றாகிவிடும். மாறும் பிழையைத் திருத்த ஒருவராலும் இயலாது.

வெள்ளி ஒட்சைட்டு மின்கலம் இதனினும் மேலானது. அதன் அழுத்தம் 1.55 வோல்ற்று, நெடுநாள் மாறாது நிற்கும். ஆனால் மிகுதியான 0.2 வோல்ற்று முள்ளைக் கூடுதலாக அசைக்கும். இருக்கும் ஒளியினும் மிகுந்த ஒளி உண்டென மானி காட்ட, படம் பெரும்பாலும் இருண்டுவிடும். இப்பிழை எல்லா ஒளியிலும் ஒரே அளவினதன்று. எனவே பிலிம் வேக எண்ணை மாற்றிவைப்பது முழுத் தீர்வாகாது. மிகுதியைக் குறைக்கும் இருவாயி என்னும் சிறு உறுப்பு பொருத்திய வளையத்தைப் பயன்படுத்தலாம். அன்றேல் தேர்ந்த கைவினைஞரைக் கொண்டு மானியைத் திருத்தி அமைக்கலாம்.

மூன்றாவது, செவிப்புலக் கருவிகளுக்குரிய நாக-வளி மின்கலம். 675 என்னும் எண்ணுடையது இதற்கு ஏற்றது. இதன் அழுத்தம் ஏறத்தாழ 1.4 வோல்ற்று, ஆதலின் பழையதற்கு மிக அண்மையானது. ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும், நுண்துளைகளினூடே வளியிலுள்ள ஒட்சிசன் உட்புகுந்து இது இயங்கத் தொடங்கும். உரித்தபின் சில நிமிடம் பொறுத்தே உள்ளே இடல் வேண்டும். பயன்படுத்தினும் பயன்படுத்தாவிடினும் சில மாதங்களில் இது உலர்ந்துவிடும். பழைய மின்கலத்தினும் சிறிதாதலால், நடுவில் நிற்கச் சுற்றிலும் ஒரு வளையமும் வேண்டும். மின்தொடுகை பக்கவாட்டில் அமைந்த கமராக்களுக்கு அவ்வளையம் உலோகத்தாலானதாக இருத்தல் அவசியம். துளைகளை எவ்வகையிலும் அடைத்துவிடலாகாது.

எல்லாக் கமராக்களுக்கும் இத்தொல்லை இல்லை. பென்டக்ஸ் ஸ்பொட்மற்றிக் கமராவில் பாலச்சுற்று என்னும் அமைப்பு உண்டு. இருபுறமும் சமன் செய்து பார்க்கும் தராசு போன்றது அது. அழுத்தம் சற்று மாறினும் சமநிலை மாறாது. ஆதலால் வெள்ளி மின்கலமே அதற்குப் போதும். செலேனிய மானியுள்ள கமராக்களுக்கோ மின்கலமே வேண்டியதில்லை.

எவ்வழியைக் கொண்டாலும் சோதித்துப் பார்த்தல் நன்று. நம்பத்தக்க வேறொரு ஒளிமானியுடன், வெயிலிலும் நிழலிலும் அறையினுள்ளும் ஒப்பிடுக. மூன்றிடத்தும் ஒத்திருந்தால் அச்சமில்லை. நெகற்றிவ் பிலிம் சிறு பிழையைப் பொறுக்கும். நேர்ப்படப் பிலிம் பொறுக்காது. திருமண நாளும் குழந்தையின் முதல் நடையும் மறுமுறை வாரா என்பதை எண்ணினால், இச்சோதனையின் அருமை விளங்கும்.

பழைய கமராவினுள் பாதரச மின்கலம் எஞ்சியிருப்பின், அதனை உடைத்தலோ எரித்தலோ கூடாது. சிறுவர் கையிற் கொடுத்தலும் ஆகாது. மூடியுள்ள கலத்தில் இட்டு, அபாயக் கழிவுகளை ஏற்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். கருவியைக் காத்தலும் அதன் நஞ்சை அகற்றலும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. முன்னோர் வைத்துச் சென்ற பொருளைப் பேணுவோர் இவ்விரண்டையும் செய்தற்குரியர்.