சிக்னல் தின்னும் சார்ஜ்

ஸ்மார்ட்போனில் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. பேட்டரி முன்பு பிடித்த அளவு மின்சாரத்தை இப்போது பிடிக்கவில்லை. அல்லது பிடித்ததைப் போன் வழக்கத்தைவிட வேகமாகச் செலவழிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பெங்களூரு எஸ்.பி. ரோடு ஆனாலும் சென்னை ரிச்சி தெரு ஆனாலும், நல்ல பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட்ட பிறகும் "சார்ஜ் நிற்கவே இல்லை" என்று கடைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அவர்கள் போனில் பழுது பேட்டரியில் இல்லை, செலவில் இருந்திருக்கிறது.

செலவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். இப்போது பரவலாக விற்கும் போன்களின் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்டது. அதன் சராசரி மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். பெருக்கினால் சுமார் 19 வாட் மணி வருகிறது. போன் சராசரியாக 3 வாட் இழுத்தால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். 1 வாட் இழுத்தால் 19 மணி நேரம். திரை அணைந்து, 0.1 வாட்டில் உறங்கினால் ஒரு வாரத்துக்கும் மேல். ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'பேட்டரி எவ்வளவு பெரியது' என்பதல்ல. உறங்க வேண்டிய நேரத்தில் போன் உண்மையிலேயே உறங்குகிறதா என்பதுதான்.

முதலில் பேட்டரியின் வயதைப் பார்த்துவிடலாம், அது எளிது. லித்தியம் அயான் பேட்டரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதன் எதிர்மின்வாயின் மேல் படியும் மெல்லிய படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. அதில் சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுற்றுகளுக்குப் பின்னும், ஐபோன் 15 முதலானவை 1000 சுற்றுகளுக்குப் பின்னும் 80% கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். ஐபோனில் செட்டிங்ஸிலேயே பேட்டரியின் ஆரோக்கியம் சதவீதமாகத் தெரியும். சாம்சங் போன்களில் 'சாம்சங் மெம்பர்ஸ்' செயலியில் சோதிக்கலாம். கருவியின் உதவி இல்லாமலேயே வயதைக் காட்டும் அடையாளமும் ஒன்று உண்டு. 25, 30 சதவீதம் இருக்கும்போதே, கேமராவைத் திறந்ததும் போன் பட்டென்று அணைந்துவிடும். பழைய பேட்டரியின் உள்தடை கூடிவிடுவதால், திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. இந்த அடையாளம் இல்லை, ஆரோக்கியமும் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்றால் பேட்டரியை விட்டுவிட்டுச் செலவுப் பக்கம் போக வேண்டும்.

செலவைக் கண்டுபிடிக்க மூன்று இரவுகள் தேவை. முதல் இரவு போனை வழக்கம்போல் வைத்துவிட்டு, படுக்கும்போதும் எழும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் இரவு ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திரும்ப இயக்க வேண்டும். மூன்றாம் இரவு வைஃபையும் இல்லாமல் முழு ஏர்பிளேன் மோடு. இரண்டாம் இரவில் செயலிகளுக்கு இன்டர்நெட் உண்டு; மொபைல் டவரோடு பேசும் ரேடியோ மட்டும் இல்லை. அன்றைக்குச் சார்ஜ் இறங்குவது சட்டென்று குறைந்தால் குற்றவாளி டவர் தொடர்பு. குறையாமல் மூன்றாம் இரவில் குறைந்தால், பின்னணியில் ஓயாமல் இன்டர்நெட்டைத் தொடும் ஏதோ ஒரு செயலி. மூன்றாம் இரவிலும் அதே வேகத்தில் இறங்கினால், போனை உறங்கவிடாமல் பிடித்துவைத்திருக்கும் செயலி அல்லது உள்ளே மின்கசிவு. கடையில் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இதுதான். இதற்கு எந்தச் செயலியையும் இறக்க வேண்டியதில்லை.

பலருக்கு வியப்பளிப்பது இரண்டாம் இரவின் விடை. சிக்னல் பலவீனமானால் பேச்சு தெளிவில்லாமல் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். சார்ஜும் கரையும் என்பது அவ்வளவாகத் தெரியாது. இதை அளந்து காட்டிய ஆய்வொன்றில் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. 2005-இல் இங்கே தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவின் விஷ்ணு நவ்டா, ராமச்சந்திரன் ராம்ஜி, வெங்கட பத்மநாபன் ஆகியோரும், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஆரன் ஷுல்மன், நீல் ஸ்பிரிங் முதலானோரும் சேர்ந்து 2010-இல் 'மொபிகாம்' மாநாட்டில் 'பார்டெண்டர்' என்ற கட்டுரையை வெளியிட்டார்கள். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது ஒரு துணுக்குத் தரவை அனுப்பவோ பெறவோ ஆகும் ஆற்றல், சிக்னல் வலுவாக இருக்கும்போது ஆவதைப்போல ஆறு மடங்கு வரை கூடலாம் என்பது அவர்கள் கண்டது.

ஏன் இப்படி? போன் எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்பதை டவரே தீர்மானிக்கிறது. போனிலிருந்து வரும் அலை வலுவிழந்திருந்தால் 'கூட்டு' என்று டவர் ஆணையிடும், போன் கூட்டும். 4ஜி போன் வெளிவிடும் அலையின் உச்ச வரம்பு பொதுவாக 200 மில்லிவாட். அதை உண்டாக்கும் பெருக்கி பேட்டரியிலிருந்து இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. போதாததற்கு, சிக்னல் மோசமானால் தரவு மெதுவான முறையில்தான் போகும். வழியில் சிதைந்தது மறுபடி அனுப்பப்படும். உரக்கவும் பேசி, நெடுநேரமும் பேசினால் சார்ஜ் எப்படி நிற்கும்?

சிக்னலைக் கோடுகளை வைத்து மதிப்பிடுவது போதாது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் என்ற அலகில் ஓர் எண் தெரியும். 4ஜியில் மைனஸ் 80 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110 என்றால் திண்டாட்டம். முப்பதுதான் வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் ஒவ்வொரு பத்தும் பத்து மடங்கு. மைனஸ் 110-இல் போனுக்கு வந்து சேரும் அலை, மைனஸ் 80-இல் வருவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒயிட்ஃபீல்டிலும் வெளிவட்டச் சாலையிலும் எழும்பியுள்ள கண்ணாடிக் கட்டடங்களில் ஜன்னலோரம் ஓர் எண்ணும், நடுக்கூடத்தில் வேறோர் எண்ணும், அடித்தள வாகன நிறுத்தத்தில் எண்ணே இல்லாமலும் இருப்பதைக் காணலாம். வெயிலின் வெப்பத்தைத் தடுக்கக் கண்ணாடியில் பூசும் மெல்லிய உலோகப் படலம் ரேடியோ அலையையும் சேர்த்துத் தடுக்கிறது. அலுவலகத்தில் மாலைக்குள் காலியாகும் அதே போன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரவு வரை தாங்கினால், பேட்டரியைச் சந்தேகிப்பதில் அர்த்தமில்லை. அலுவலக வைஃபையில் இணைத்து, வைஃபை வழி அழைப்பை இயக்கினால் பெரும் பகுதிச் செலவு குறைந்துவிடும்.

நம் நாட்டில் இரட்டை சிம் வழக்கம். வங்கி ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது சிம்முக்கு அந்த இடத்தில் டவரே கிடைக்காவிட்டாலும் போன் விடாமல் தேடும். அதைத் தேவையற்ற நேரத்தில் அணைத்துவைப்பது கைமேல் பலன் தருகிறது. 5ஜியும் கவனிக்க வேண்டியது. 2022 அக்டோபரில் ஏர்டெல் முதலில் 5ஜி கொடுத்த எட்டு நகரங்களில் பெங்களூரும் சென்னையும் உண்டு. அது 4ஜியைத் துணையாகக் கொண்டு இயங்கும் முறை. போன் இரண்டு தொடர்புகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள வேண்டும். 5ஜி விட்டுவிட்டு வரும் இடத்தில் போன் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருந்தால், அங்கே 4ஜியில் நிறுத்திவைப்பதே நல்லது.

பெங்களூரு - சென்னை ரயில் பயணம் இன்னொரு சோதனைக்களம். சுமார் 360 கிலோமீட்டரில் டவர்கள் நெருங்கியும் விலகியும் வரும். போன் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டே போகும். பார்டெண்டர் கட்டுரை சொன்ன தீர்வு இத்தகைய பயணத்துக்கானது. ஒரே தடத்தில் மறுபடி போகும்போது சிக்னல் ஏறி இறங்கும் இடங்கள் ஏறக்குறைய மாறுவதில்லை என்பதால், போன் அதை நினைவில் வைத்து, சிக்னல் வலுக்கும் இடம் வரும் வரை மின்னஞ்சலையும் வீடியோவையும் ஒத்திப்போடலாம். பதிவுசெய்த பயணத் தரவுகளைக் கொண்டு கணினியில் ஓட்டிப் பார்த்ததில் 60% வரை ஆற்றல் மிச்சமானது. பயணி இதைக் கையாலும் செய்யலாம்: வண்டி கிளம்பும் முன்பே பாட்டையும் படத்தையும் இறக்கி வைத்துக்கொள்வது.

அடுத்தது செயலிகள். அளவில் சிறிய செய்தி, செலவிலும் சிறியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிரஞ்சன் பாலசுப்ரமணியன், அருணா பாலசுப்ரமணியன், அருண் வெங்கடரமணி ஆகியோர் 2009-இல் 3ஜி போன்களை அளந்தபோது, தரவு வந்து முடிந்த பிறகும் ரேடியோ பல விநாடிகள் விழித்தே இருப்பதும், வழக்கமான ஒரு பரிமாற்றத்தின் ஆற்றலில் ஏறக்குறைய 60% இந்த வால் பகுதியிலேயே வீணாவதும் தெரிந்தது. 4ஜியிலும் வால் உண்டு. நிமிடத்துக்கொரு முறை எட்டிப் பார்க்கும் செயலி ரேடியோவை உறங்கவிடாது. இலவசச் செயலிகளின் விளம்பரங்கள் இதே வழியில்தான் சார்ஜை உண்கின்றன. பர்டியூ பல்கலைக்கழகத்தின் அபினவ் பாதக்கும் சார்லி ஹூவும் மைக்ரோசாஃப்ட்டின் மிங் ஜாங்கும் 2012-இல் ஆராய்ந்த இலவசச் செயலிகளில் 65 முதல் 75% ஆற்றல் விளம்பரம் போன்ற வெளியார் நிரல்களுக்கே போயிருந்தது.

சில சமயம் வெறும் பிழையும் காரணமாகும். 2015 அக்டோபரில் ஐபோன்களில் ஃபேஸ்புக் செயலி சார்ஜைத் தின்றபோது அந்த நிறுவனமே காரணத்தை ஒப்புக்கொண்டது: நெட்வொர்க் பகுதியின் நிரல் வீணாகச் சுழன்றுகொண்டிருந்தது, வீடியோ பார்த்து வெளியே வந்த பின்னும் ஒலித் தொடர்பு மூடப்படாமல் இருந்தது. ஆண்ட்ராய்டு 2015-இல் 'டோஸ்' வசதியையும், 2018-இல் அரிதாகத் திறக்கும் செயலிகளை ஒதுக்கிவைக்கும் முறையையும் கொண்டுவந்தது இத்தகைய விழிப்பை அடக்கத்தான். செட்டிங்ஸின் பேட்டரிப் பகுதியில் எந்தச் செயலி பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்து, தேவையில்லாததன் பின்னணி அனுமதியை நிறுத்தினால் போதும். எல்லாச் செயலிகளையும் அடிக்கடி தள்ளி மூடுவது உதவாது. மறுபடி முதலிலிருந்து திறக்கக் கூடுதல் சார்ஜ் ஆகும். 'பேட்டரி சேவர்' என்ற பெயரில் விளம்பரத்தோடு வரும் செயலிகளை நீக்கிவிடுவதே சேமிப்பு.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தைக் குறைப்பதே பெரிய மிச்சம். டார்க் மோடு ஓஎல்இடி திரைக்கு மட்டும்தான் பயன்படும். அதுவும் வெளிச்சம் 30 - 50 சதவீதத்தில் இருக்கையில் சராசரியாக 3 முதல் 9% வரை, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47% வரை என்று பர்டியூ 2021-இல் அளந்தது.

வெளிச்சம், ஜிபிஎஸ், டேட்டா, வெயில் நான்கும் சேரும் இடம் ஆட்டோ ஓட்டுநரின், உணவு கொண்டுசெல்பவரின் போன். நம்ம யாத்ரி செயலியோ ஸ்விக்கி செயலியோ திறந்தபடி, கைப்பிடியில் மாட்டிய போன் நண்பகலில் முழு வெளிச்சத்தில் எரிகிறது. பெங்களூரின் காற்று மிதமானதுதான். 2016 ஏப்ரல் 24-இல் பதிவான 39.2 டிகிரி விதிவிலக்கு. ஆனால் நேர்வெயிலில் கறுத்த கண்ணாடி காற்றைவிட வெகுவாகச் சூடேறும். 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழல் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கக்கூடும் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. சூடான போன் சார்ஜ் ஏறும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால், சார்ஜர் செருகியிருந்தும் சதவீதம் இறங்குகிறது. போனுக்கு மேல் சிறு நிழல்தட்டு, தடித்த உறையைக் கழற்றுவது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பது ஆகியவை இவர்களுக்குப் புதிய பேட்டரியைவிடப் பயன்படும்.

இத்தனைக்கும் பிறகு பேட்டரிதான் பழுது என்று உறுதியானால், அல்லது பின்மூடி உப்பியிருந்தால், தாமதிக்காமல் மாற்ற வேண்டும். உப்பிய பேட்டரியைக் குத்துவதோ அழுத்துவதோ தீ விபத்தில் முடியும். கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குரியதல்ல. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் தனியாகப் பிரித்து ஒப்படைப்பது பயன்படுத்துபவரின் கடமை, திரும்பப் பெறச் செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பு. மாற்றித் தரும் சர்வீஸ் சென்டரிலோ அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திலோ பழையதைக் கொடுத்துவிட்டு வரலாம்.