வானத்தில் ஒரு படுக்கை

ஒரு புதிரோடு தொடங்குவோம். 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் தன் புத்தம் புதிய போயிங் 787-9 விமானத்தைப் பிராங்ஃபர்ட் நகரிலிருந்து கனடாவின் டொரொன்டோ நகருக்கு அனுப்பியது. அதன் பிசினஸ் வகுப்பில் 28 இருக்கைகள் இருந்தன. ஆனால் பயணிகளுக்கு விற்கப்பட்டவை நான்கே நான்கு! மற்ற 24 இருக்கைகளும் அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் காலியாகவே பறந்தன. அவை உடைந்தவை அல்ல, பழையவையும் அல்ல. அவற்றுக்கான பாதுகாப்புச் சான்று வழங்கும் வேலை முடியவில்லை. அவ்வளவுதான்!

ஒரு நாற்காலிக்கு இத்தனை பாடா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நாற்காலிக்குள் வடிவ கணிதமும், நியூட்டனின் விதியும், நெருப்பின் வேதியியலும், வணிகக் கணக்கும் ஒளிந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்ப்போமா?

நாற்காலி படுக்கையான கதை

பிசினஸ் வகுப்பு என்பது முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் இடைப்பட்டதாக 1970களின் கடைசியில் தோன்றியது. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் 1979இல் இதைத் தொடங்கியது. அக்காலத்தில் அது சற்று அகலமான, கூடுதலாகச் சாயக்கூடிய நாற்காலி மட்டுமே. பிறகு நேராக நீளும் இருக்கைகள் வந்தன. ஆனால் அவை முழுவதும் கிடைமட்டமாக இராமல், தலைப்பக்கம் உயர்ந்து கால்பக்கம் தாழ்ந்த பலகை போல இருந்தன. சாய்தளத்தில் வைத்த பொருள் என்ன செய்யும்? கீழ்நோக்கிச் சறுக்கும். பயணிகளும் தூக்கத்தில் மெல்ல மெல்லக் கீழே சறுக்கினார்கள்!

இங்கே இன்னொரு செய்தியும் உண்டு. விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போதும் அதன் மூக்கு பெரும்பாலும் 2 அல்லது 3 பாகை மேல்நோக்கியே இருக்கும். ஆகவே தரையில் நிற்கும் விமானத்தில் சமமாக உள்ள படுக்கை, வானத்தில் சற்றே சாய்ந்துவிடும்.

2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் பிசினஸ் வகுப்பிலேயே முழுவதும் தட்டையாகும் படுக்கையைக் கொண்டு வந்தது. 2017இல் கத்தார் ஏர்வேஸ் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு சறுக்குக் கதவு வைத்து, அதைச் சிறிய அறை போலவே ஆக்கிவிட்டது. ஒரு நிறுவனம் புதுமை செய்தால் மற்றவை சும்மா இருக்க முடியுமா? நீண்ட தூரம் பறக்கும் நிறுவனங்கள் பலவும் இந்தப் போட்டியில் இறங்கின.

செருப்புப் பெட்டியின் பாடம்

முழுப் படுக்கைக்குச் சுமார் 198 செ.மீ. நீளம் வேண்டும். சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 80 செ.மீ. தான். எல்லாரையும் வரிசையாகப் படுக்க வைத்தால் விமானத்தில் சிலரே பயணம் செய்ய முடியும். இதை எப்படிச் சமாளிப்பது?

புதுச் செருப்பு வாங்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். இரண்டு செருப்புகளையும் ஒரே திசையில் வைப்பதில்லை. ஒன்றின் முன்பக்கம் மற்றொன்றின் குதிகால் பக்கம் வருமாறு வைக்கிறார்கள். அகலமான பகுதியும் குறுகிய பகுதியும் பொருந்துவதால் இடம் மிச்சமாகிறது. மனித உடலும் அப்படித்தான். தோள் அகலம், பாதம் குறுகல். 2000ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இருக்கைகளில் இதே தந்திரம் கையாளப்பட்டது. ஒருவர் முன்நோக்கியும், பக்கத்தில் உள்ளவர் பின்நோக்கியும் அமர்ந்தனர். இதனால் போயிங் 777 விமானத்தில் ஒரு வரிசைக்கு எட்டுப் படுக்கைகளை அமைக்க முடிந்தது.

ஆனால் ஒரு குறை. சன்னலோரம் படுத்தவர் எழுந்து வர வேண்டுமானால் பக்கத்தில் உள்ளவரின் கால்களைத் தாண்டித்தான் வர வேண்டும். எனவே அந்த நிறுவனமே 2019இல் வேறு அமைப்புக்கு மாறத் தொடங்கியது. இதில் ஒரு வரிசைக்கு நான்கே இருக்கைகள். எல்லாருக்கும் நடைபாதை பக்கத்திலேயே உண்டு. வரிசைகளுக்கு இடையே 198 செ.மீ. விட வேண்டியதும் இல்லை. முன்னால் உள்ளவரின் சிறு மேசைக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும். பின்னால் உள்ளவரின் கால்கள் அதற்குள் நுழைந்துகொள்ளும். வரிசைத் தூரம் 110 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மீதி 88 செ.மீ. முன் இருக்கையின் எல்லைக்குள் போய்விடுகிறது. இன்றைய பெரும்பாலான பிசினஸ் வகுப்பு இருக்கைகள் இந்தக் கருத்தின் மாறுபட்ட வடிவங்களே. சிலவற்றில் இருக்கை நேராக இருக்கும். சிலவற்றில் நடைபாதைக்குச் சாய்வாக, மீன்முள் போல அமைந்திருக்கும்.

இடத்தின் விலை

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 880 செ.மீ. நீளமுள்ள தரைப்பகுதியை எடுத்துக்கொள்வோம். சாதாரண வகுப்பில் 80 செ.மீ. தூரத்தில் 11 வரிசைகள், வரிசைக்கு 9 பேர். ஆக 99 பயணிகள். பிசினஸ் வகுப்பில் 110 செ.மீ. தூரத்தில் 8 வரிசைகள், வரிசைக்கு 4 பேர். ஆக 32 பயணிகள். 99ஐ 32ஆல் வகுத்தால் சுமார் 3.1 வருகிறது. அதாவது பிசினஸ் பயணி ஒருவர் மூன்று பேரின் இடத்தை எடுத்துக்கொள்கிறார். அவரிடம் மூன்று மடங்குக்கு மேல் கட்டணம் வாங்கினால்தான் நிறுவனத்திற்கு லாபம்.

எடையும் உண்டு. சாதாரண இருக்கை ஒருவருக்குச் சுமார் 10 கிலோ. மின் மோட்டார்களும் தடுப்புச் சுவர்களும் கதவும் கொண்ட படுக்கை இருக்கையோ 100 கிலோ அளவுக்கும் வந்துவிடும். விமானத்தில் ஏற்றும் கூடுதல் எடையைச் சுமக்க, மணிக்கு அந்த எடையில் சுமார் 3 முதல் 4 சதவீதம் எரிபொருள் செலவாகும். 28 இருக்கைகளில் தலைக்கு 10 கிலோ குறைத்தால் மொத்தம் 280 கிலோ மிச்சம். பத்து மணி நேரப் பயணத்தில் சுமார் 100 கிலோ எரிபொருள் மிச்சமாகும். ஒரே ஒரு பயணத்தில் இவ்வளவு! ஆண்டு முழுவதும் எவ்வளவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இதனால்தான் பொறியாளர்கள் ஒரு திருகாணியைக் கூட யோசித்தே சேர்க்கிறார்கள்.

பதினாறு மடங்குச் சோதனை

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம். இதற்குக் காரணம் நிலைமம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். விமானம் தரையில் மோதி நின்றால் என்ன ஆகும்? இருக்கை பெயர்ந்து பறந்துவிடக் கூடாது. பயணியின் தலை எதிலும் பலமாக மோதக் கூடாது.

1988இல் அமெரிக்காவில் இதற்கு ஒரு கடுமையான விதி வந்தது. தண்டவாளத்தின் மேல் ஓடும் ஒரு வண்டியில் இருக்கையைப் பொருத்தி, அதில் 77 கிலோ எடையுள்ள பொம்மையை உட்கார வைக்கிறார்கள். மணிக்குச் சுமார் 48 கி.மீ. வேகத்தில் ஏற்படும் மோதலை உண்டாக்குகிறார்கள். அப்போது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 16 மடங்கு விசை தாக்குகிறது. 77 கிலோ பொம்மை ஒரு கணம் 1,232 கிலோ எடையுள்ளது போல வாரை இழுக்கும்! சோதனைக்கு முன்பே, இருக்கை பொருத்தியுள்ள தண்டவாளங்களை 10 பாகை முறுக்கியும் வைக்கிறார்கள். ஏன் தெரியுமா? விபத்தில் விமானத்தின் தரை நெளிந்து போகலாம். அப்போதும் இருக்கை பிடியை விடக் கூடாது. இது தவிர, கீழ்நோக்கிய 14 மடங்குச் சோதனையும் உண்டு. அது முதுகெலும்புக்காக.

மீன்முள் போலச் சாய்வாக அமைந்த இருக்கைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயணி நேராக முன்னால் சாயாமல் பக்கவாட்டில் முறுக்கப்படுகிறார். கழுத்தும் முதுகும் அதைத் தாங்காது. ஆகவே இருக்கையின் கோணம் 18 பாகைக்கு மேற்பட்டால் தனி நிபந்தனைகள் உண்டு. சில இருக்கைகளில் இடுப்பு வாரோடு தோள் வாரும், வாருக்குள்ளேயே காற்றுப் பையும் வைத்திருப்பது இதனால்தான்.

நெருப்பும் 90 விநாடியும்

1983 ஜூன் 2இல் ஏர் கனடா விமானம் ஒன்று, நடுவானில் தீப்பிடித்து அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்கு அருகில் தரையிறங்கியது. தரையிறங்கும்போது அதிலிருந்த 46 பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். கதவுகள் திறந்த சிறிது நேரத்தில் உள்ளே தீ ஒரேயடியாகப் பரவியது. 23 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே மெத்தைகளுக்குப் புதிய விதி வந்தது. மெத்தையின் மீது இரண்டு நிமிடம் தீச்சுவாலையைப் பாய்ச்ச வேண்டும். அதன் எடையில் சராசரியாக 10 சதவீதத்துக்கு மேல் எரிந்துவிடக் கூடாது. அழகான துணியாயிற்றே என்று எதையும் போர்த்திவிட முடியாது.

மேலும், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, எல்லாப் பயணிகளும் 90 விநாடிக்குள் வெளியேற முடியும் என்று விமானம் நிரூபிக்க வேண்டும். 2024 ஜனவரி 2இல் டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 விமானம் ஓடுபாதையில் நின்ற சிறு விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. மூன்று கதவுகளையே பயன்படுத்த முடிந்தது. ஆனாலும் பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் வெளியேறி உயிர் பிழைத்தனர். வழி அடைபட்டிருந்தால் இது நடந்திருக்குமா? இப்போது இருக்கைக் கதவை நினைத்துப் பாருங்கள். அது சிக்கிக்கொண்டால் பயணி உள்ளேயே மாட்டிக்கொள்வார். எனவே விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கதவு திறந்தபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சொகுசுக் கதவுக்குப் பின்னால் எத்தனை யோசனை பாருங்கள்!

எப்போது மாற்றுவது?

ஒரு விமானம் 20 முதல் 25 ஆண்டுகள் வரை பறக்கும். இருக்கையோ ஏழெட்டு ஆண்டுகளில் பழையதாகத் தோன்றத் தொடங்கும். மாற்றுவதற்கு விமானத்தைப் பல நாள் தரையில் நிறுத்த வேண்டும். நின்ற விமானம் ஒரு காசும் சம்பாதிக்காது. அதனால் பெரிய பராமரிப்புக்காக எப்படியும் நிறுத்தும் காலத்தோடு இருக்கை மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ள முயல்கிறார்கள்.

பிரான்சின் சஃப்ரான், அமெரிக்காவின் காலின்ஸ், ஜெர்மனியின் ரெக்காரோ போன்ற சில நிறுவனங்களே இத்தகைய இருக்கைகளைச் செய்கின்றன. உலகமே இவர்களிடம் வரிசையில் நிற்கிறது. நம் ஏர் இந்தியாவையே பாருங்கள். தன் பெரிய விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் செலவிடப் போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. இருக்கைகள் கிடைப்பதில் தாமதம். முதல் போயிங் 787-8 விமானம் இந்த வேலைக்காகக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டது 2025 ஜூலையில்தான்.

இப்போது நம் புதிருக்கு விடை முழுமையாகப் புரிந்திருக்கும். இருக்கையின் வடிவமும் விமானத்தின் வகையும் மாறினால், இந்தத் தடைகளையெல்லாம் தாண்டியதாக மீண்டும் காட்ட வேண்டும். 24 இருக்கைகள் காலியாகப் பறந்ததால் நிறுவனத்திற்கு நட்டம்தான். ஆனால் சான்று இல்லாத இருக்கையில் ஒருவரை உட்கார வைப்பதைவிட அது மேலான நட்டம் அல்லவா?

செய்து பாருங்கள்

தடித்த தாளில் நான்கு சரிவகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் 10 செ.மீ.; தோள் பக்கம் 3 செ.மீ.; கால் பக்கம் 1.5 செ.மீ. நீளப் பக்கங்களில் ஒன்று தோள் பக்கத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும். முதலில் எல்லாத் தோள்களும் ஒரே பக்கம் வருமாறு அடுக்கி, தோள் பக்கத்து அகலத்தை அளவிடுங்கள். 12 செ.மீ. வரும். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி, சாய்ந்த விளிம்புகள் ஒட்டுமாறு வையுங்கள். இப்போது 9 செ.மீ. போதும்! கால் பங்கு இடம் மிச்சம். இதைவிடச் சிக்கனமான, எல்லாரும் தடையின்றி நடைபாதைக்கு வரக்கூடிய ஓர் அமைப்பை உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? முயன்று பாருங்கள்.