வயிற்றின் ஒன்பது கட்டங்கள்

வயிற்றுநோவு என்று நாம் ஒரே சொல்லால் கூறிவிடுகிறோம். ஆனால் வயிறு ஓர் உறுப்பன்று; பல உறுப்புக்கள் அடங்கிய பேழை. எங்கே நோகின்றது என்பதைக் கொண்டே எது நோகின்றது என்பதை மருத்துவர் ஊகிக்கத் தொடங்குகின்றார்.

பிழைப்பின் பொருட்டு மட்டாஞ்சேரியில் வந்து வாழும் நம்மவர்க்கு இவ்வறிவு இருமடங்கு பயனுடையது. நாம் ‘வலி’ என்கிறோம். மலையாளத்திலோ அச்சொல் பெரும்பாலும் இழுத்தலைக் குறிக்கும். ‘வேதனை’ என்றால் உடனே விளங்கும். அதனினும் மேலானது, நோகும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவது. விரலுக்கு மொழி வேண்டுவதில்லை.

புகைவண்டி நிலையச் சரக்கறையில் மூட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்து வைப்பதுபோல, உடற்கூற்று நூலார் வயிற்றை ஒன்பது கட்டங்களாகப் பிரித்துள்ளனர். இரு காறையெலும்புகளின் நடுவிலிருந்தும் நேர்கீழாக இரண்டு கோடுகள். விலாவின் அடியில் குறுக்கே ஒன்று. இடுப்பெலும்பின் மேட்டையொட்டிக் குறுக்கே மற்றொன்று. வலம், இடம் என்பன நோயாளியின் வலமும் இடமுமேயன்றிப் பார்ப்பவருடையன அல்ல.

மேல்வரிசையில் வலப்புறம் கல்லீரலும் பித்தப்பையும். நடுவில் இரைப்பையின் ஒரு பகுதியும் அதன் பின்னே கணையமும். இடப்புறம் மண்ணீரலும் இரைப்பையின் மேற்பகுதியும் உள்ளன. நடுவரிசையில் கொப்பூழைச் சுற்றிச் சிறுகுடல். வலப்புறம் ஏறும் பெருங்குடல். இடப்புறம் இறங்கும் பெருங்குடல். சிறுநீரகங்கள் இரண்டும் முதுகையொட்டி, மேல்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே அமைந்துள்ளன. கீழ்வரிசையில் வலப்புறம் பெருங்குடலின் தொடக்கமும் குடல்வாலும். நடுவில் மூத்திரப்பையும், பெண்களுக்குக் கருப்பையும். இடப்புறம் பெருங்குடலின் வளைந்த இறுதிப்பகுதி.

இவற்றைத் தமிழிலேயே கற்பிக்க இயலும் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. அமெரிக்கரான மருத்துவர் கிறீன் 1847ஆம் ஆண்டில் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பின்னர்த் தமிழிலேயே பாடம் நடத்தினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது.

இனி, குடல்வால் நோயைச் சிறிது விரிவாகக் காண்போம். இது தொடங்கும்போது நோவு பெரும்பாலும் கொப்பூழைச் சுற்றியே தோன்றும். பசியின்மை, குமட்டல், இலேசான காய்ச்சல் சேரும். சில மணி நேரத்தில் நோவு வலப்புறக் கீழ்க்கட்டத்திற்கு இறங்கி அங்கேயே நிலைக்கும். கொப்பூழையும் வலப்புற இடுப்பெலும்பின் முன்முனையையும் ஒரு கோட்டால் இணைத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள புள்ளியே மிகவும் நோகும். நியூயார்க்கு நகர அறுவை மருத்துவர் மக்பர்னி இதனை 1889இல் எடுத்துரைத்தார்.

இந்நிலையில் நம் வீடுகளில் நேர்வது யாது? அஜீரணம் என்றெண்ணி விளக்கெண்ணெய் கொடுக்கின்றோம். குடலேற்றம் என்று வயிற்றைத் தடவி உருவுகின்றோம். இவ்விரண்டும் ஆகா. வீங்கிய குடல்வால் வெடித்தால், சீழ் வயிறெங்கும் பரவி உயிருக்கே இடையூறாகும். உரிய காலத்தில் செய்தால் இதன் அறுவைச் சிகிச்சை பெரிதும் அச்சமற்றது.

கட்டங்களை அறிந்துவிட்டால் நாமே நோயைத் தீர்மானித்துவிடலாம் என்று எண்ணற்க. மேல்நடுக் கட்டத்து எரிச்சல் சிலவேளை மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். கருவுற்றிருக்கக்கூடிய பெண்ணுக்குக் கீழ்வயிற்றில் கடுநோவும் மயக்கமும் தோன்றினால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. வயிறு பலகைபோல் விறைத்தாலும், இரத்த வாந்தி வந்தாலும் அவ்வாறே. 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் வண்டி வரும்.

மருத்துவரிடம் நான்கு செய்திகளைத் தவறாது கூறுங்கள்: நோவு எங்கே தொடங்கியது, எப்போது தொடங்கியது, பின்னர் எங்கே நகர்ந்தது, உடன் தோன்றிய குறிகள் யாவை. இல்லத்துப் பிள்ளைகளுக்கும் நோகும் இடத்தைத் தொட்டுக் காட்டப் பழக்குங்கள். பேசத் தெரியாத ஊரிலும் அப்பழக்கம் அவர்களைக் காக்கும்.